இடது கன்னம்

"கிட்ட வராத கேதீஸ். அந்தப் பக்கமா இரு."

சுதாகரன் ஆசுபத்திரி வாங்குப் பலகையின் மறுகோடிக்கு நகர்ந்தான். கேதீஸ்வரி கணவன் காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். தோல் டொக்டரின் அறை இன்னும் திறக்கவில்லை.

வயலில் வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு அவன் இடது கன்னத்தில் ஒரு சிவப்பு வந்தது. அரித்தது, கொப்புளித்து நீர் வடிந்தது, காய்ந்து செதில் செதிலாய் உதிர்ந்தது. ஆறிவிட்டது என்று நினைத்தால் மறுபடி தொடங்கியது.

அவன் பெரியப்பாவுக்கும் முகத்தில்தான் தொடங்கியது. தொழுநோய் என்று சொல்லி அவரைத் தோணியில் ஏற்றி, வாவிக்கு நடுவே இருக்கும் மாந்தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பெரியம்மா, தோணி மறையும் வரைகூட நிற்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள். இப்போது கண்ணை மூடினால் அவள் முதுகுதான் தெரிந்தது.

அதனால்தான் கோப்பையையும் பாயையும் தனியாக்கினான். விறாந்தையில் படுத்தான். "என்னைத் தொடாத" என்று சொன்னபோது கேதீஸ்வரி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு விலகிப் போனாள். அந்த அமைதி, புண்ணைவிட அவனைப் பயமுறுத்தியது.

"இது அந்த நோய்தான் எண்டா, நீ அண்ணன் வீட்ட போயிரு. நான் கோவிக்க மாட்டன்," என்றான் தரையைப் பார்த்தபடி.

"உள்ளுக்குக் கூப்பிடுறாங்க," என்றாள் அவள்.

எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய இரண்டு நாளுக்கு முன் அவன் முதுகில் ஒட்டியிருந்த சோதனை ஒட்டுகளை டொக்டர் கழற்றி நிதானமாகப் பார்த்தார்.

"தொழுநோய் இல்ல. அந்தப் பயத்தை விடுங்க."

சுதாகரன் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இது ஒவ்வாமை. கராம்பெண்ணெயில உள்ள வாசனைச் சத்துப் பட்டா உங்கட தோல் பொங்குது. சவர்க்காரம், பற்பசை, தைலம் எதிலயும் அது இருக்கலாம். கன்னத்துக்கு என்ன பூசுறீங்க?"

"ஒண்டும் பூசிறல்ல டொக்டர். பல்லுத் தீட்டிறதும் வேப்பங்குச்சியாலதான்."

"அப்ப வேற எங்கயோ இருந்து ஒவ்வொரு நாளும் படுது. அதுவும் ஒரு கன்னத்தில மட்டும்."

அவனுக்கு மறுபடி பயம் வந்தது. யாரோ பகையில் செய்வினை செய்து, அவன் நித்திரையில் இருக்கும்போது எதையோ தடவிவிட்டுப் போகிறார்களா?

"எனக்குத் தெரியாம ஆர் டொக்டர் இதைச் செய்யிற?"

கேதீஸ்வரி தலை குனிந்தாள்.

"எனக்குக் கடவாய்ப் பல்லுக் கொதி, ஒரே நோவு டொக்டர். வெள்ளாமை வெட்டு நேரம் இவருக்கு இருந்த கவலைக்குள்ள அதையும் சொல்லுவானேன் எண்டு அப்பயிருந்தே பல்லில கராம்பெண்ணெய் வச்சுச் சமாளிக்கிறன்," என்றாள் மெல்ல. "தொடாத எண்டுதான் சொன்னவர். ஆனா விடியக்க இவர் நித்திரையா கிடக்கக்குள்ள, கன்னத்தில ஒரு முத்தம் குடுக்காம எனக்கு அடுப்படிக்குப் போக ஏலாது."