பத்தியில் இல்லாத விடை

“அந்த அம்மா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?” என்று கேட்டது மூன்றாவது கேள்வி.

யூ-டிங் அந்த ஆங்கில வரியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை வாசித்தாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, யோசிக்காமல் விடையை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

மில்பிடாஸ் நூலகத்தில் ஜன்னலோர மேசை அது. 1998 நவம்பர், மாலை நாலரை மணி. அவளுக்குப் பதினேழு வயது. தைவானிலிருந்து வந்து இங்கே அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவள். எனக்கு இருபத்தொன்பது, நாகர்கோவிலிலிருந்து வந்த புரோகிராமர். பழைய ப்ராஜெக்ட் முடிந்து, புதியது கிடைக்காமல் இரண்டு மாதமாகப் பெஞ்சில் இருந்தேன்.

இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான், ஆங்கிலம்.

இரண்டு வருடம் தலை நிமிராமல் கோபோல் மொழியில் கோட் எழுதியதில் எனக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது போனில் இன்டர்வியூ செய்த மூன்று பேரும் நான் சொல்வது புரியவில்லை என்றுவிட்டார்கள்.

“கோபோல்ல உங்களை அடிச்சுக்க ஆளில்லம்மா. இங்கிலீஷ மட்டும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணுங்க” என்றார் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன்.

அதனால் தினமும் நூலகம். யூ-டிங்கின் கையில் இருந்த பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து, நானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். ஒரு பத்தியை அவள் சத்தமாக வாசிப்பாள், அடுத்ததை நான். தனித்தனியாக விடை எழுதிக் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப் பார்ப்போம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவளிடம் ஒரு விதி இருந்தது. பத்தியில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. நான் தோற்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்வாள்.

அன்றைய பத்தியில் ஒரு பெண் தன் மகளைக் கடலோர ஊரில் ஒரு பள்ளி விடுதியில் சேர்க்கிறாள். மகளின் காலரைச் சரிசெய்கிறாள். வாசல் கேட்டைத் தாண்டி நடக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் பத்தி.

நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். ஏ, அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பி, மகள்மேல் அவளுக்குப் பிரியமில்லை. சி, திரும்பினால் போக முடியாமல் ஆகிவிடும் என்று பயந்தாள். டி, பத்தியை வைத்துச் சொல்ல முடியாது.

யூ-டிங்கின் விதிப்படி நான் டி என்று எழுதியிருந்தேன்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் டிதான்.

முதல் முறையாக நான் சரி, அவள் தப்பு. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. தாளில் சி என்று எழுதிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புத்தகம் தப்பு” என்றாள்.

தன் கதையை அவள் முன்பு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், பத்தி வாசிக்கிற அதே குரலில். பதின்மூன்று வயதில் அவளையும் அண்ணனையும் அவள் அம்மா இங்கே கூட்டிவந்தார். அப்பா வாங்கிப் போட்டிருந்த வீட்டில் இரண்டு வாரம் கூடவே இருந்தார். ஃப்ரீசர் நிறையக் கொழுக்கட்டை பிடித்து வைத்துவிட்டு ஒரு காலையில் டாக்ஸி ஏறித் தைபேக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். நான்கு வருடம்.

“நீங்க என்ன போட்டீங்க?”

என் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“சி” என்றேன். “நீ சொல்றதுதான் சரி. புத்தகம் தப்பு.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.”

இத்தனை நாள் அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பெயர் ரெனிஷா, நாலு வயது, நாகர்கோவிலில் அப்பாவோடும் பாட்டியோடும் இருக்கிறாள் என்றேன். ஒரு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன், இரண்டு வருடமாகிவிட்டது, இப்போதெல்லாம் போனைக் கொடுத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுகிறாள் என்றேன்.

“ஏர்போர்ட்டில் திரும்பிப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

“பயந்துதானே?”

“ஆமா. திரும்பியிருந்தா ஃப்ளைட் ஏறியிருக்க மாட்டேன்.”

யூ-டிங் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்த டியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சி என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது.

வெளியே அவள் அண்ணனின் கார் ஹாரன் அடித்தது. அவள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு அடுத்த பத்தி என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவள் நடையில் ஏதோ லேசாகியிருந்தது.

நான் கிளம்பிய அன்று திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் ரெனிஷாவை மாமியார் இடுப்பில் வைத்திருந்தார். டாட்டா காட்டு, டாட்டா காட்டு என்று அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே நுழைந்ததும் பைக்குள் பாஸ்போர்ட் கையில் தட்டுப்படவில்லை. ஊறுகாய்ப் பொட்டலத்தையும் துணிகளையும் விலக்கித் தேடினேன். கிடைத்த அதே நேரத்தில் வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். பயமெல்லாம் இல்லை. அவள் நினைப்பே அப்போது இல்லை.

பெட்டிகளை எடை போட்டுக் கொடுத்த பிறகுதான் சட்டென்று ஞாபகம் வந்து திரும்பினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய குழந்தையோ கையாட்டிக்கொண்டிருந்தது.