எறும்புப் புற்றில் ஒரு நேர்காணல்

வலைப்பள்ளியில் அன்றுதான் படிப்பை முடித்த சிலந்திப் பெண் சிலம்பி, வேலை கேட்டு எறும்புப் புற்றுக்கு வந்தாள்.

“அரிசி சுமப்பியா?” என்றாள் தலைமை எறும்பு.

“இல்லீங்க அக்கா.”

“மண் தோண்டுவியா?”

“வலை பின்ன மட்டும்தான் தெரியும்.”

“இங்கே வலைக்கு என்னம்மா வேலை? போயிட்டு வா.”

திரும்பி நடந்த சிலம்பி சட்டென்று நின்றாள். “அக்கா, எருமை வருது! வெயில்ல காயுற முட்டைகளை உள்ளே தூக்குங்க!”

கடைசி முட்டை உள்ளே போனதும் வாசலில் குளம்பு பதிந்தது.

“உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“தரை அதிர்ந்ததே அக்கா. வலையில உட்கார்ந்து நாள் முழுக்க அதைத்தானே கவனிப்போம்?”

“கேட்டப்போ சொல்லலையே!”

“இதையெல்லாம் யாராவது வேலைன்னு நினைப்பாங்களா?”

தலைமை எறும்பு மற்ற எறும்புகளைக் கூப்பிட்டாள். சிலம்பி எட்டுக் கால்களையும் நீட்டி உட்காரும் அளவுக்கு, வாசலோரம் இடம் தோண்டச் சொன்னாள்.