பழசை எடுத்துடாதீங்க

“நீ தொடாதம்மா. வாயால சொல்லு, நானே அமுக்கிப் பாக்குறேன்” என்றார் அந்த அம்மா.

மவுஸை நோக்கி நீட்டிய கையைப் பிரிசில்லா இழுத்துக்கொண்டாள். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் கலைமணி நடத்தும் டி.டி.பி. கடையில் அவள் டைப் அடிக்கிறாள். காலையில் கடை திறந்ததுமே லேப்டாப் பையோடு வந்து நின்ற அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் சந்திரலேகா, சிதம்பரத்திலிருந்து வருகிறேன் என்றார். அந்த லேப்டாப்பில் தமிழ்ப் பிழைதிருத்தியை எப்படிப் போடுவது என்று சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.

“முதல்ல ஆட்-ஆன்னா என்னான்னு சொல்லிடுறேன்க்கா. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற மாரி. புடவை அதேதான், ஆனா ஃபால்ஸ் வெச்சா கொசுவம் நல்லா விழும். இதுவும் அப்புடித்தான். நீங்க எழுதுற எடிட்டர் அதேதான். இதச் சேத்துட்டா, தப்பா அடிச்ச வார்த்தைக்குக் கீழ செவப்புக் கோடு போடும்.”

சந்திரலேகா மடியில் இருந்த நோட்டில் வேகமாகக் குறித்துக்கொண்டார்.

பிரிசில்லாவுக்குப் புடவை உதாரணம்தான் வாயில் வரும். ஆறு வருஷம் ஜவுளிக்கடையில் புடவை மடித்தவள். டைப்பிங் கற்றுக்கொண்டு இங்கே சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘சுபமுகூர்த்தம்’ என்பதில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டாள். ‘சுபமுகூத்தம்’ என்றே ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தது. “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நீ ஜவுளிக்கடைக்கே போயிடு” என்று கலைமணி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தப் பிழைதிருத்தியைத் தானே தேடிப் பிடித்து, ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள்.

“மேல மெனுவுல எக்ஸ்டென்ஷன்னு இருக்குல்ல, அதத் தொறங்க. ‘ஆட்’ அமுக்குங்க. எறக்கி வெச்ச ஃபைலக் காட்டுங்க. அவ்ளோதான்.”

“ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுதே. கம்ப்யூட்டர அணைச்சுடட்டுமா?”

பிரிசில்லா சிரித்துவிட்டாள். “நானும் இதே கூத்துதான் அடிச்சேன். நாலு தடவ கம்ப்யூட்டரயே அணைச்சு அணைச்சுப் போட்டேன். எடிட்டர மட்டும் மூடித் தொறந்தா போதும்க்கா. இதச் செஞ்சவங்க இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிட்டுப் பூட்டாங்க. புதுசா வர்றவங்க எங்க முட்டிக்குவாங்கன்னு யோசிக்கவேயில்ல.”

“அவுங்க மேல ரொம்பக் கோவமா?”

“பின்ன? அப்டேட் வந்தப்ப பழசத் தூக்கிட்டுப் புதுசப் போட்டேன். செவப்புக் கோடு விழாம இருக்க நான் அதுல சேத்து வெச்சிருந்த எரநூறு வார்த்தையும் அதோட போச்சு. எல்லாம் பத்திரிகைல வர்ற ஆளுங்க பேரு, ஊர்ப் பேரு. உக்காந்து அழுதேன். கடைப் பேரு, என் பேரு எல்லாம் போட்டு அவுங்களுக்கே எழுதினேன். மாசம் ஒண்ணாவுது, ஒரு பதில் இல்ல.”

சந்திரலேகாவின் பேனா சற்று நின்றது. “அப்ப அப்டேட் வந்தா என்னா செய்யணும்?”

“பழசை எடுத்துடாதீங்க. அது மேலயே புதுசப் போடுங்க. அதுக்கும் முன்னால, நீங்க சேத்த வார்த்தைங்கள ஒரு காப்பி எடுத்துத் தனியா வெச்சுடுங்க. ரெண்டையும் மறக்கக் கூடாது.”

“பிரிசில்லா” என்று உள்ளேயிருந்து கலைமணியின் குரல் வந்தது. “பத்திரிகை வேல அப்புடியே கெடக்கு. இங்க டியூஷனா நடக்குது?”

வேறொரு நாளாக இருந்தால் அவள் பதறி எழுந்திருப்பாள்.

“அஞ்சு நிமிஷம்ண்ணே. பாதியில உட்டா அவுங்க வீட்டுக்குப் போயி என்னாட்டம் தவிப்பாங்க. சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பத்திரிகைய முடிச்சுத் தந்துடுறேன்.”

அவர் உள்ளேயே ஏதோ முணுமுணுத்தபடி தன் வேலைக்குத் திரும்பினார். சந்திரலேகா எடிட்டரை மூடித் திறந்தார்.

“இப்ப ‘சுபமுகூத்தம்’னு அடிச்சுப் பாருங்கக்கா.”

அடித்தார். சிவப்புக் கோடு விழுந்தது.

“வந்துடுச்சும்மா.”

பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டாலே தலையைக் குனிந்துகொண்டவள் பிரிசில்லா. இன்றைக்கு ஒருவர் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அவள் சொன்னபடியே செய்து, அது சரியாகவும் வந்துவிட்டது.

“நீ சொன்னத ஒரு வார்த்த விடாம எழுதிக்கிட்டேன். இத நாலு பேருக்குக் காட்டலாமா?” என்று பையை மூடிக்கொண்டே கேட்டார் சந்திரலேகா.

“தாராளமா காட்டுங்கக்கா. அவுங்களாவது அழாம இருக்கட்டும்.”

பத்து நாள் கழித்து ஒரு காலையில் திரையில் அப்டேட் வந்திருப்பதாக அறிவிப்பு எழுந்தது. பிரிசில்லா தன் வார்த்தைகளைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு, பழசின் மேலேயே புதுசைப் போட்டு, எடிட்டரை மூடித் திறந்தாள். வழக்கமாக ஒற்றை ஆங்கில வரி வரும் இடத்தில் பக்கம் முழுக்கத் தமிழ். இரண்டு வரி படித்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“அண்ணே, இங்க வந்து பாருங்க.”

கலைமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார். கடைக்கு வந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்: “‘புதியவர்களுக்கான வழிமுறை: பிரிசில்லா, திருப்பாதிரிப்புலியூர்.’ ஏம்மா, இது நீதான?” நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, “நம்ம கடைப் பொண்ணுதான்” என்றார், யாரும் கேட்காமலேயே.

அவர் படிக்காமல் விட்ட கீழ் வரியில் நின்றிருந்தது பிரிசில்லாவின் கண்.

‘இந்தப் பிழைதிருத்தியை உருவாக்கியவர்: சந்திரலேகா, சிதம்பரம்.’