ஆறு அங்குலக் கண்ணாடி

"இதுல மூஞ்சியே தெரியலையே தம்பி, இது என்ன கண்ணாடி?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

செல்லூரில் அப்பளக் கம்பெனி நடத்துகிறவள் அவள். எதிரே நின்ற தங்கப்பாண்டி ஆனையூரில் மின்வாரிய லைன்மேன். பகலெல்லாம் கம்பம் ஏறியும் ஆசை தீராமல், வீட்டிலேயே டெலஸ்கோப் செய்யக் கிளம்பியவன். அதற்காக எட்டு மாதம் கையாலேயே தேய்த்துக் குழியாக்கிய ஆறு அங்குல வட்டக் கண்ணாடி அது. பெங்களூரில் ஒரு பட்டறைக்கு அனுப்பி அலுமினியப் பூச்சு பூசி வாங்கினால்தான் அதில் முகமும் தெரியும், சனிக்கிரக வளையமும் தெரியும் என்று விளக்கினான். சனி என்றதும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சனி பகவானைத் தேடிப்போய்ப் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இது இரண்டாவது கண்ணாடி. முதல் கண்ணாடியை அவனே அட்டைப்பெட்டியில் கட்டி லாரி பார்சலில் போட்டான். போய்ச் சேர்ந்தது வெறும் சில்லுகள். இதுவும் உடைந்தால் மூன்றாவதைத் தேய்க்க அவன் தோளில் தெம்பில்லை. மனசில் சுத்தமாக இல்லை. மலேசியாவரைக்கும் அப்பளத்தை உடையாமல் அனுப்புகிறவள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் அவளிடம் ஓடிவந்திருந்தான்.

"வச்சிட்டுப் போ. நாளைக்குக் காலையில வந்து பெட்டிய எடுத்துக்க" என்றாள்.

கண்ணாடியின் முகத்தில் எதுவும் உரசக் கூடாது, விரல்கூடப் படக் கூடாது என்று அவன் நாலு தடவை சொன்னான். ஐந்தாவது தடவை வாயைத் திறந்தபோது, பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட வந்தவன் மாதிரி நிற்காதே என்று விரட்டிவிட்டாள்.

மறுநாள் டேப் சுற்றிய பெட்டி தயாராக இருந்தது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய் அதே லாரி பார்சல் ஆபீசில் கொடுத்தான். அதன்பின் மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பெட்டியைப் பிரித்தார்களாம். உள்ளே கண்ணாடியே இல்லையாம், அப்பளம்தான் இருக்கிறதாம்.

தங்கப்பாண்டி பைக்கை எடுத்தான். பெட்டி மாறிப்போய், எட்டு மாத உழைப்பு எந்த ஊர்க் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். கம்பெனிக்குள் நுழைந்ததும், மாவு பிசைகிற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான்.

"உங்கள நம்பித்தானக்கா குடுத்தேன். இப்பிடிப் பண்ணிட்டீங்களே."

அவள் பதறவில்லை. "எத்தன அப்பளம் ஒடஞ்சிருக்காம்?" என்று கேட்டாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டுச் சொல்லு என்று அவள் பிடிவாதமாக நின்றதால், வேறு வழியில்லாமல் பெங்களூருக்குப் போன் போட்டான். பதிலைக் கேட்டதும் அவன் குரல் இறங்கிப்போனது.

"ஒண்ணுகூட முழுசா இல்லையாம்க்கா. பூராம் தூளாம்."

ஜெயக்கொடி எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். உள்ளேயிருந்து அவனுடைய கண்ணாடியை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள்.

"என் கட்டு எப்பிடின்னு எனக்குத் தெரியும். அந்த லாரிக்காரன் எப்பிடின்னு தெரியாதுல்ல? அதான் எடைக்கு எடை அப்பளத்த வச்சு மொதல்ல அனுப்பிப் பாத்தேன்."