ரெக்கை நிழல்

இடுப்பு விண்ணென்று தெறித்தது.

நேற்று குனிந்த குனி இன்னும் நிமிரவில்லை. ஒரு கையை முட்டியில் ஊன்றி எழுந்தாள். மறு கையைச் சாக்குக்குள் விட்டாள்.

உள்ளே சூடு.

காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறு மாதிரி. பாதி காய்ந்ததைக் கட்டிவைத்தால் மிளகாய் அப்படித்தான் அவியும். இன்றைக்கும் வெயில் காட்டாவிட்டால் வெளுத்துப்போகும். வெளுத்தால் அது வற்றல் இல்லை, சண்டு. வியாபாரி காலால் தள்ளிவிட்டுப் போவான். இந்த வருசத்துப் பாடு முழுக்க அந்தச் சாக்குகளில்தான் இருந்தது.

விமானம் இன்னும் போகவில்லை.

பழைய ஓடுதளம். வெள்ளைக்காரன் எந்தச் சண்டைக்கோ போட்டுவிட்டு மறந்துபோன சிமெண்ட். ஊருக்கு அதுதான் மிளகாய்க் களம். வீட்டுக்கு ஒரு இடம், நாலு மூலைக்கும் கல். அடுத்த வீட்டுக் கல்லை நகர்த்தினால் கல்யாணம், காட்சிக்குக்கூடப் போக்குவரத்து நின்றுவிடும்.

நேற்று விடிந்ததும் காவல்காரச் சேவுகன் விசில் ஊதிக்கொண்டு வந்தான். பெரிய இடத்து ஆட்களாம். சொந்த விமானமாம். ஒரு கல் கிடக்கக் கூடாது, ஒரு மிளகாய் கிடக்கக் கூடாது.

கூட்டினார்கள். அள்ளினார்கள். கல்லைத் தூக்கிக் கருவேலங்காட்டு ஓரம் போட்டார்கள்.

விமானம் வந்தது பொழுது சாய.

அதுவரைக்கும் வெறும் சிமெண்டில் அடித்தது வெயில். நல்ல வெயில்.

இறங்கியது புருசனும் பெண்சாதியும். ரெக்கைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடாரம் கட்டினார்கள். அவள் மிளகாய் காயப்போடுகிற இடத்தில்.

இப்படித்தான் ஊர் ஊராக இறங்குவார்களாம். விமானத்துப் பக்கத்திலேயே தரையில் படுத்து, விடிந்ததும் அடுத்த ஊருக்குப் பறப்பார்களாம். சொல்லும்போது சேவுகனுக்கே வெட்கமாக இருந்தது.

லாட்ஜுக்குக் காசில்லாமலா?

ஆகாசத்தில் வந்து இறங்கி, தரையில் படுக்க ஆசைப்படுகிற ஜென்மங்கள்.

அவள் சாக்கைத் தலையில் ஏற்றினாள். மற்ற பெண்கள் கருவேல நிழலில் நின்று பார்த்தார்கள்.

கூடார வாசலில் மடக்கு நாற்காலி. உள்ளங்கை அகல அடுப்பு. அதில் நூடுல்ஸ் கொதித்தது. தொப்பி போட்டவள் கையை விரித்துச் சோம்பல் முறித்தாள்.

"அக்கா, ராத்திரி தரையில படுத்தேன். என் முதுகுவலியே போயிடுச்சு! நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க."

அவள் சாக்கை இறக்கினாள். இறக்கியபோது இடுப்பில் இன்னொரு வெட்டு.

வாய் அவிழ்ந்து நாலு மிளகாய் சிமெண்டில் சிதறியது.

"ஐயோ, என்ன கலர்!" தொப்பிக்காரி துள்ளினாள். "அக்கா, இதை ப்ளேனைச் சுத்திப் பரப்புறீங்களா? ஒரே ஒரு போட்டோ. எடுத்ததும் அள்ளிடலாம்."

அள்ளிடலாம்.

குனியப்போவது இவளுடைய இடுப்பா?

அவள் திரும்பி, நிழலில் நின்ற பெண்களுக்குக் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். எல்லாரும் சாக்கோடு வந்துவிட்டார்கள்.

சக்கரத்துக்கு முன்னால். வாலுக்குப் பின்னால். கூடாரத்தைச் சுற்றி. விமானம் ஓடவேண்டிய வழி நெடுக. நிழல் விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சமெல்லாம் கொட்டி, கையால் தள்ளி விரித்தார்கள். யாரோ ஓடிப்போய்க் கல்லைக்கூடக் கொண்டுவந்து மூலைக்கு மூலை வைத்தார்கள்.

சிவப்புக்கு நடுவில் வெள்ளை விமானம், வலையில் மாட்டின கொக்கு மாதிரி நின்றது.

தொப்பிக்காரி உட்கார்ந்து ஒரு போட்டோ. படுத்து ஒன்று. இரண்டு கையிலும் அள்ளி மேலே வீசி ஒன்று. பிறகு தும்மல். தும்மிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினாள்.

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கூடாரம் மடங்கிப் பைக்குள் போனது. தொப்பிக்காரியின் புருசன், அந்த விமானக்காரன், கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க. கிளம்பணும்."

சேவுகன் விசிலை ஊதினான்.

ஒருத்தியும் குனியவில்லை.

"மதினி, மத்தியானத்துக்குள்ள அடுத்த ஊர்ல எறங்கணுமாம். அள்ளிருங்க தாயி."

"காயட்டும் கொழுந்தனாரே. அவுகளுக்குத்தான் தரை மேல அம்புட்டு ஆசையாச்சே. இன்னுங் கொஞ்சம் படுத்து எந்திரிச்சுப் போகட்டும்."

விமானக்காரனுக்கு முகம் சிவந்தது. "இன்ஜினைப் போட்டா எல்லாம் காத்துல பறந்துடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"போடச் சொல்லுங்க. நெடி எங்களுக்குப் பழக்கம்."

தொப்பிக்காரி கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவனைப் பார்த்தாள்.

அவன் இன்ஜினைப் போடவில்லை.

வெயில் ஏறியது. விரித்த மிளகாயிலிருந்து புழுக்கம் கிளம்பி மூக்கில் ஏறியது. சேவுகன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு வேலை இருப்பதுபோல் கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தான்.

அவள் ரெக்கை நிழலுக்குள் போனாள். சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினாள். ரப்பர் இடுப்புக்கு இதமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் நின்ற விமானக்காரன் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

இன்றைய வெயில் வந்துவிட்டது.

நேற்றைய வெயில், அது இன்னும் இவர்கள் தரவேண்டிய பாக்கி.