மூடுபனியில் ஒரு டிராக்டர்

தினீப்பர் ஆற்றின் மூடுபனியை வரைய, ஓவியர் ஒஸ்தாப் குளிர்காலம் முழுக்க விரல்கள் விறைக்கக் கரையில் நின்றார். சோவியத் அரசின் கண்காட்சி அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல உழைப்பு எங்கய்யா இருக்கு? ஒரு டிராக்டரைப் போட்டாத்தான் சுவர்ல ஏறும்," என்றார். வருடாவருடம் இதே பேச்சு. ஒஸ்தாப்புக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஆத்துல டிராக்டர் ஓடுமா?"

"கரையில ஓடட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை வீட்டுக்குத் தூக்கிப்போனார். "ஒரு டிராக்டர்தானே, போட்டுத் தொலைங்களேன்," என்று மனைவி மெலானியாவும் நச்சரித்தாள். அவர் தூரிகையைத் தொடவே இல்லை. ஒரு வாரம் கழித்து அதே படத்தை அதிகாரியின் முன் கொண்டுபோய் வைத்தார்.

"டிராக்டர் எங்க?"

"கரையிலதான் நிக்குது. பனி விலகினா தெரியும்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.