குளிர் சோதனை

விண்வெளித் தொலைநோக்கிக்கான எக்ஸ்ரே கேமராவை ஐரின் வடிவமைத்தாள். அதன் பெட்டியை அவனியாபுரம் பட்டறையில் அருள்பாண்டி லேத்தில் கடைந்து கொடுத்தார். திங்களன்று மூடியை இறுக்கி, மைனஸ் எண்பது டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். மூடிய பெட்டிக்குள் எடுக்கும் படம் வெறும் கறுப்பாக வரவேண்டும். ஆனால் மோதிரத்தோடு ஒரு விரலெலும்பு தெரிந்தது. திறந்து பார்த்தால் பெட்டி காலி. மூடினால் மறுபடியும் விரல்.

வியாழனன்று ஐரின் படத்தை அருள்பாண்டியிடம் காட்டினாள். "அண்ணே, இது என்ன?"

"மோதிரம் என்னோடதுதாம்மா. இந்தப் பெட்டியக் கடையையிலதான் வெரலு துண்டாச்சு. அம்புட்டுத் தேடியும் கெடைக்கல."

விரல் இருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"திங்கக்கெழமையிலருந்து அந்த வெரலு வெறைக்குது."

மறுநாள் கருவி ஏவுதளத்துக்குப் புறப்பட வேண்டும். ஐரின் சோதனைத் தாளில் கையெழுத்திட்டாள்.

அருள்பாண்டி வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"மேல இதவிடக் குளிருமாம்மா?"